இரவல் கதையும் எட்டாம் கட்டளையும்

நல்ல கதையொன்றை வாசித்து முடித்து நூலை மூடிவைத்த பின்னும், அக்கதையின் மாந்தர் நம் உள்ளத்தை விட்டு உடனே அகன்றுவிடுவதில்லை. ஆசிரியர் முற்றுப்புள்ளி இட்ட இடத்தில் நம் மனம் நின்றுவிடுவதும் இல்லை. ஊதாரி மகன் உவமையைக் கேட்டிருக்கும் நாம் அனைவரும், வீட்டிற்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த மகன் இறுதியில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு விருந்துக்குள் நுழைந்தானா, இல்லையா என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஆண்டவர் அதைச் சொல்லாமல் விட்டார். அவர் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் நம் கற்பனை போய்க் குடியேறுகிறது.

இவ்வாறு எழும் கற்பனையை எழுத்தில் வடித்து, ஒத்த சுவையுடையோர் வாசிக்கத் தருவதை இக்காலத்தில் ‘ரசிகர் புனைவு’ என்கின்றனர். ஆங்கிலம் அறிந்தோர் ‘ஃபேன் ஃபிக்ஷன்’ என்பர். பிறர் படைத்த கதைமாந்தரையும் கதையுலகையும் இரவலாகப் பெற்று, பொருள் வரவை நாடாது, அன்பின் மிகுதியால் எழுதப்படுவது இது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகர்கள், மறு ஆண்டே ‘ஸ்பாக்கனேலியா’ என்னும் இதழைத் தாங்களே தயாரித்து, அத்தொடரின் மாந்தரைப் பற்றிய ஆக்கங்களைத் தம்முள் பகிர்ந்துகொண்டனர். தட்டச்சும் படிப்பெருக்கியும் அஞ்சல் உறையும் செய்த அப்பணியை இன்று கணினியும் கைப்பேசியும் செய்கின்றன. ஷெர்லக் ஹோம்ஸும் ஹாரி பாட்டரும் அறியாத புதிய நிகழ்ச்சிகளில் அவர்களை நடமாடவிடும் இளைஞர் உலகெங்கும் உள்ளனர். நம் இல்லங்களிலும் இருக்கக்கூடும். இப்போக்கு தமிழுக்கும் அந்நியமானதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பின், அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியதைத் தமிழ் வாசகர் அறிவர்.

இப்புனைவுகளைப் பகிர்ந்துகொள்வோரிடையே, எவரும் சட்டமாக இயற்றாத சில நன்மரபுகள் வளர்ந்துள்ளன. கதையின் உச்சியில் ஒரு தலைக்குறிப்பு இடம்பெற வேண்டும். கதையின் தலைப்பு, எழுதியவர் பெயர், மூலக்கதை எது, அதன் ஆசிரியர் யார், மூலத்தின் எப்பகுதி வரை வாசித்தவர்க்கு இது உரியது, கதையின் சுருக்கம், எவ்வயதினர்க்கு ஏற்றது, கொடுமையோ சாவோ இடம்பெறின் அதைப் பற்றிய முன்னறிவிப்பு, கைப்படியை முதலில் வாசித்துப் பிழை திருத்தித் தந்தவர்க்கு நன்றி ஆகியவை அதில் அடங்கும். ‘இம்மாந்தர் என்னுடையவர் அல்லர், இதனால் நான் ஊதியம் பெறவில்லை’ என்ற ஒப்புதலும் பெரும்பாலும் உடன் வரும். அதன் பிறகே கதை தொடங்கும். பேசுபவர் மாறும்தோறும் புதிய பத்தி, காட்சி மாறுமிடத்தில் இடைவெளி, ஆசிரியரின் சொந்தக் குறிப்பைக் கதையோடு கலவாமை, முற்றியதா தொடருமா என்னும் அறிவிப்பு என்று மேலும் சில ஒழுங்குகள் உண்டு.

ஒரு சிறுகதைக்கு இத்தனை சடங்குகளா என்று கேட்பவர் உண்டு. இவை வெறும் நாகரிகமா, அன்றி அறத்தின்பாற்பட்டனவா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

இப்பொருள் பேசப்படும் இடங்களில் பெரும்பாலும் முதலில் எழும் குற்றச்சாட்டு களவு என்பதே. பிறர் உழைத்துப் படைத்த மாந்தரை எடுத்தாளுதல் ஏழாம் கட்டளைக்கு மாறானதன்றோ என்பர். இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் இது நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்வதில்லை. களவு என்பது உடைமையாளரின் நியாயமான விருப்பத்துக்கு மாறாக அவர் பொருளைக் கவர்தல். உடைமையாளர்களின் விருப்பமோ இங்கு ஒன்றுபோல் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸை மேடையேற்ற முனைந்த நடிகர் வில்லியம் ஜில்லெட், கதைத்தலைவனுக்கு மணம் செய்துவைக்கலாமா என்று கேட்டபோது, மணம் முடிக்கலாம், கொல்லலாம், விரும்பியதைச் செய்துகொள்ளலாம் என்னும் பொருள்பட ஆர்தர் கோனன் டாயில் விடையளித்தார். அந்நாடகம் 1899இல் அரங்கேறியது. மறுபுறம், அமெரிக்க நாவலாசிரியை ஆன் ரைஸ், தம் மாந்தரைக் கொண்டு ரசிகர்கள் கதை எழுதுவதைத் தாம் அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். ஒரே செயல் ஓரிடத்தில் கொடையாகவும் பிறிதோரிடத்தில் கவர்தலாகவும் அமைகிறது.

காலமும் இதில் குறுக்கிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவர் நூல் பொதுவுடைமை ஆகிவிடுகிறது. அதன்பின் அதைப் பயன்படுத்துபவர் எவரிடமிருந்தும் எதையும் திருடுவதில்லை. அவ்வாறாயின், அறுபத்தோராம் ஆண்டில் அந்நூலின் மீது எழுதுபவர்க்கு எக்கடமையும் இல்லை எனலாமா? மூல ஆசிரியரின் பெயரை மறைத்துவிட்டு எல்லாம் தன் ஆக்கமே என்று காட்டிக்கொள்ளலாமா? கூடாது என்று நம் மனச்சான்று உடனே சொல்கிறது. உடைமை காலாவதியான பின்னும் காலாவதியாகாத கடன் ஒன்று எஞ்சி நிற்கிறது. அது பொருட்கடன் அன்று, உண்மைக்கடன். ஆகவே, இரவல் கதையின் அறத்தை ஏழாம் கட்டளையில் தேடுவதைக் காட்டிலும், பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளையில் தேடுவதே பொருத்தம் என்பது நம் கருத்து.

இதற்கு இலக்கிய வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தஸ், ‘டான் குயிக்சாட்’ நாவலின் முதற்பகுதியை 1605இல் வெளியிட்டார். அதன் இறுதியில், வேறொருவர் இதைவிடச் சிறப்பாகப் பாடக்கூடும் என்னும் கருத்துடைய இத்தாலியக் கவிதை வரியொன்றைப் பதித்து, கதவைத் திறந்தே வைத்திருந்தார். 1614இல் அக்கதவின் வழியே ஒருவர் நுழைந்தார். ‘அவெல்லனேதா’ என்ற பெயரில் இரண்டாம் பகுதி ஒன்று வெளிவந்தது. அப்பெயர் பொய்ப்பெயர், அதற்குப் பின்னால் மறைந்திருந்தவர் யாரென்று நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் துணியப்படவில்லை. அந்நூலின் முன்னுரையோ மூல ஆசிரியரின் முதுமையையும் ஊனமுற்ற கையையும் எள்ளி நகையாடியது.

அந்தக் கை எங்கே ஊனமுற்றது என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் எண்ணிப் பார்க்கலாம். 1571ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், லெபாந்தோ கடற்போரில் படைவீரராகப் பங்கேற்றபோது செர்வாந்தஸின் இடக்கை செயலிழந்தது. செபமாலை அன்னையின் திருநாளாக நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் நாள் அதுவே. 1615இல் தம் உண்மையான இரண்டாம் பகுதியை வெளியிட்ட செர்வாந்தஸ், அம்முன்னுரையில், தம்மைப் புண்படுத்தியது முதுமையையும் ஊனத்தையும் குறித்த ஏச்சே என்பதை மறைக்கவில்லை. அக்காயம் மதுக்கடைச் சண்டையில் பெற்றதன்று என்பதை நிமிர்ந்து சொன்னார். கதைக்குள்ளேயோ அவர் கையாண்ட மறுமொழி நயமானது. போலி நூலில் தன்னைச் சரகோசா நகருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்வியுறும் டான் குயிக்சாட், அந்நகரில் காலடி வைக்க மறுத்துப் பார்சலோனாவை நோக்கிச் செல்கிறான். போலி நூலில் வந்த ஒரு மாந்தரையே செர்வாந்தஸ் தம் கதைக்குள் வரவழைத்து, நான் முன்பு கண்டவன் இவன் அல்லன் என்று ஊர்த்தலைவர் முன்னிலையில் சான்று கூறச் செய்கிறார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாது? கதையைத் தொடர்ந்ததே குற்றம் எனின், திறந்து வைத்த கதவுக்குப் பொருள் இல்லை. தன் முகத்தை மறைத்துக்கொண்டு, பிறர் முகத்தில் சேறு பூசியதே அங்கு நேர்ந்த தீங்கு. செர்வாந்தஸ் கேட்டது ஈட்டுத்தொகை அன்று, சான்று. அதிலும் எழுதிக் கையொப்பமிட்ட சான்று! எட்டாம் கட்டளை மீறப்பட்ட இடத்தில் மனிதர் வேண்டுவது அதுவே.

அவெல்லனேதா பகைமையால் எழுதினார் என்று கொள்வோம். அன்பால் எழுதுபவரின் நிலை என்ன? ‘நான் இக்கதையை எவ்வளவு நேசிக்கிறேன் தெரியுமா? நேசத்தால் செய்ததற்கு எதற்குத் தலைக்குறிப்பு?’ என்று ஓர் இளைஞர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இதற்கு விடையாகத் தொடக்கத் திருச்சபையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200இல், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சார்ந்த தெர்த்துல்லியன், திருமுழுக்கைப் பற்றிய தம் நூலில் இதைக் குறிப்பிடுகிறார். ஆசியா மாநிலத்து மூப்பர் ஒருவர், திருத்தூதர் பவுலைப் பற்றியும் அவரைப் பின்பற்றிய தெக்லா என்னும் கன்னியைப் பற்றியும் நிகழ்ச்சிகளைப் புனைந்து எழுதினார். அவ்வெழுத்து பவுலின் பெயரால் உலவியது. உண்மை வெளிப்பட்டபோது, பவுல்மீது கொண்ட அன்பினாலேயே அவ்வாறு செய்ததாக அவர் ஒப்புக்கொண்டார். தம் பணிப்பொறுப்பை விட்டு விலகினார்.

அம்மூப்பரின் அன்பு பொய்யன்று என்றே நாம் நம்புகிறோம். அவர் எழுத்தில் உயிர் பெற்ற தெக்லாவைக் கிழக்குத் திருச்சபைகள் புனிதையாகப் போற்றுகின்றன. எனினும் அவர் எழுத்தால் விளைந்தது என்ன? பெண்கள் கற்பிக்கலாம், திருமுழுக்கு அளிக்கலாம் என்பதற்கு அந்நூலைப் பவுலின் சான்றாகச் சிலர் எடுத்துக்காட்டினர். அவர்களை மறுக்கவே தெர்த்துல்லியன் இச்செய்தியைக் கூறினார். அவ்விவாதத்தில் எப்பக்கம் சரி என்பது இங்கு நம் பொருளன்று. ஒருவரின் கற்பனை, இன்னொருவரின் வாக்குமூலமாக மாறிவிட்டது என்பதே நம் பொருள். பவுல் பேசாததற்குப் பவுல் பொறுப்பாளி ஆக்கப்பட்டார். தாம் நேசித்தவரையே அம்மூப்பர், தாம் அறியாமல், பொய்ச்சான்றுக்கு உட்படுத்தினார். ‘பவுலை நேசிக்கும் மூப்பன் ஒருவன் எண்ணிப் பார்த்தது’ என்று தலைப்பில் ஒரு வரி இருந்திருந்தால், அவர் தம் பொறுப்பை இழந்திருக்க மாட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது.

பகையும் இல்லை, ஏமாற்றும் நோக்கமும் இல்லை, வெறும் கவனக்குறைவு மட்டுமே எனின் தீங்கு நேராதன்றோ? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் நாவிலேயே இருக்கிறது. இறைவனின் அமைதிக்குத் தன்னைக் கருவியாக்கும்படி வேண்டும் மன்றாட்டை நாம் புனித பிரான்சிஸ் அசிசியாரின் செபம் என்று சொல்லிப் பாடி வருகிறோம். அப்புனிதரின் எழுத்துகளில் எங்கும் அது காணப்படவில்லை. 1912இல் பாரிசில் ‘லா க்ளோஷெத்’ என்னும் சிறிய கத்தோலிக்க இதழில், எழுதியவர் பெயரின்றி, பிரெஞ்சு மொழியில் அது வெளிவந்தது. அதற்கு முந்திய வடிவம் எதுவும் அறியப்படவில்லை. பின்னர் அசிசியாரின் திருவுருவம் பொறித்த அட்டையொன்றின் பின்புறத்தில் அது அச்சாயிற்று. முன்புறம் இருந்த முகம், பின்புறம் இருந்த சொற்களுக்கு உரியதாக நாளடைவில் கருதப்பட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மையல்லாத ஒன்று உலகெங்கும் பரவிவிட்டது. செபம் நல்ல செபமே. அதைச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், அதை எழுதிய, நம்மைப் போன்ற சிற்றிதழ் ஒன்றில் அச்சேற்றிய, அந்தப் பெயர் தெரியாத ஆன்மாவுக்கு நாம் நன்றி கூற இயலாமல் போயிற்றே! தலைக்குறிப்பு இல்லாத எழுத்து, பெற்றோர் பெயர் எழுதாமல் திருவிழாக் கூட்டத்தில் விடப்பட்ட குழந்தையைப் போன்றது. நல்ல மனிதர் எடுத்து வளர்க்கக்கூடும். எனினும் அது யார் வீட்டுப் பிள்ளை என்பது தொலைந்துவிடும்.

இத்தலைக்குறிப்பு அயல்நாட்டு இளைஞர் புதிதாகக் கண்டது என்று நாம் எண்ணிவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவராகக் கருதப்படும் பவணந்தி முனிவர் தம் நன்னூலில், பாயிரம் எட்டுச் செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்கிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. நாம் முன்னர்ச் சொன்ன குறிப்புகளோடு இவற்றை ஒப்பிட்டால் வியப்பே மேலிடும். ‘வழி’ என்பது எம்மூலத்திலிருந்து பிறந்தது என்பது. ‘நுதலிய பொருள்’ கதைச்சுருக்கம். ‘கேட்போர்’ எவர்க்கு உரியது என்பது. ‘எல்லை’ என்று அன்று நூல் வழங்கும் நிலப்பரப்பைச் சொன்னார்கள். இன்று மூலத்தின் எப்பகுதி வரை வாசித்தவர்க்கு என்கிறார்கள். மேலும் அந்நூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை மூவகைப்படுத்துகிறது. வழிநூலை அது இழிவானதாகக் கருதவில்லை. வழிநூல் தன்னை முதல்நூல் என்று சொல்லிக்கொள்ளலாகாது என்பதே அவ்வகைப்பாட்டினால் நாம் கொள்ள வேண்டிய நெறி.

நம் திருச்சபையின் தமிழ்ப் பெருங்காப்பியமும் அந்நெறியிலேயே நின்றது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. புனித சூசையப்பரைப் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவன மிகச் சிலவே; அவர் பேசிய ஒரு சொல்லைக்கூட அவை பதிவு செய்யவில்லை. அத்தகைய மௌனத்தின்மீதுதான் அவ்வளவு பெரிய மாளிகை எழுந்தது. அதன் கதைக்கு முனிவர் பெரிதும் பின்பற்றியது, 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் ஆகிரேதா நகரில் வாழ்ந்த மரியா என்னும் கன்னித்துறவி, இறையன்னையின் வெளிப்பாடாக எழுதிவைத்த வரலாற்றை. அந்த ‘வழி’யை முனிவர் ஒளிக்கவில்லை, பாயிரத்திலேயே ஆகிரேதா நகர்க் கன்னியைச் சுட்டிவிட்டே மேற்செல்கிறார். பாலத்தீனத்தைத் தமிழ் மருதநிலமாக மாற்றிப் பாடும் அளவு கற்பனை உரிமை எடுத்துக்கொண்ட கவிஞர், மூலத்தைச் சொல்வதில் உரிமை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கற்பனை எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவுக்கு அதன் வாயிலில் உண்மை நிற்க வேண்டும்.

இதுவரை மூல ஆசிரியர்க்குச் செலுத்த வேண்டிய கடனைப் பேசினோம். வாசகர்க்கும் கடன் உண்டு. ஒரு குழந்தையின் சாவை நுணுக்கமாக வருணிக்கும் கதை, அண்மையில் தன் குழந்தையைப் புதைத்த தாயின் கையில் ஓர் இரவு போய்ச் சேரலாம். அவளுக்கு ஒரு வரி முன்னறிவிப்புத் தருவதால் கதையின் சுவை எவ்வளவு குறைந்துவிடும்? தனக்குத் தடையில்லாத உணவாயினும், அது வலுவற்ற சகோதரனுக்கு இடறலாகுமெனில் உண்பதில்லை என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய நெறி இங்கும் பொருந்தும். பத்தி பிரிப்பது, நிறுத்தக்குறி இடுவது, பிழை களைவது போன்ற எளிய ஒழுங்குகளும் அவ்வன்பின் வடிவங்களே. விருந்தினர் வந்திருக்க, சோற்றையும் குழம்பையும் பொரியலையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி முன்னே தள்ளுவோமா? இலையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பரிமாறுவதில் நம் அன்பு தெரிகிறதன்றோ? பத்தி பிரிக்காத கதை, உண்பவரைப் பற்றி எண்ணாமல் பரிமாறிய உணவு.

வாசிப்பவர்க்கும் கடன் இல்லாமலில்லை. இலவசமாகக் கிடைத்ததை இழித்துரைப்பதும், அடுத்த பகுதி எங்கே என்று எழுதுபவரை நெருக்குவதும், பிழையைப் பலர் முன்னிலையில் எடுத்துக்காட்டி மகிழ்வதும் பண்பன்று. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியே சென்று எடுத்துரைக்கும்படி ஆண்டவர் கற்பித்தார். எழுத்துப்பிழைக்கும் அவ்விதி போதுமானதே. புனைவாளர் ஒருவரின் கதையை இன்னொருவர் தொடர விரும்பினாலோ மொழிபெயர்க்க விரும்பினாலோ, அவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே முறை. இரவல் பெற்றவரிடம் இரவல் பெறுவதும் இரவலே.

இனி, ஒரு கடினமான வினாவை நாம் தவிர்க்கலாகாது. தலைக்குறிப்பு இட்டுவிட்டால் எதையும் எழுதலாமா? இல்லை என்றே கருதுகிறோம். உயிரோடிருக்கும் மனிதரை, அவர் நடிகராயினும் விளையாட்டு வீரராயினும், இழிவான நிகழ்ச்சிகளில் வைத்து எழுதிவிட்டு, ‘இது முற்றிலும் கற்பனை’ என்று மேலே குறிப்பது அவதூறைக் கழுவிவிடாது. கதைமாந்தர்க்கு மானம் இல்லை, மனிதர்க்கு உண்டு. குறிப்பு அறுந்துபோனபின் எழுத்து மட்டும் கைமாறி உலவும் என்பதை அசிசியாரின் அட்டை நமக்குக் கற்பித்திருக்கிறது.

மூல ஆசிரியர் மறுத்துவிட்டாலோ? சட்டம் என்ன சொல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். மறுப்பவர் வாழும் காலம் வரையிலாவது அவர் விருப்பத்தை மதித்து, நம் கதையை நம் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்வது பெருந்தன்மை என்போம். இதில் ஆன் ரைஸின் வாழ்க்கையே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தம் மாந்தரைப் பிறர் தொடுவதை விரும்பாத அவ்வம்மையார், நெடுநாள் விலகியிருந்த கத்தோலிக்க விசுவாசத்திற்குத் திரும்பிய காலத்தில், 2005இல், சிறுவன் இயேசுவே தன் கதையைக் கூறுவதாக ஒரு நாவலை வெளியிட்டார். நற்செய்தியின் மாந்தரை, விவிலியத்தில் இடம்பெறாத பழங்கதைகளின் துணையோடு, அவரும் இரவல் பெற்றார். இதை முரண் என்று நாம் சுட்டி நகைக்க வேண்டியதில்லை. அந்நாவலின் இறுதியில், தாம் எவற்றை வாசித்து, எவ்வழியில் அக்கதைக்கு வந்தார் என்பதை நீண்ட குறிப்பாக அவர் எழுதிச் சேர்த்தார் என்பதே நமக்கு முதன்மையானது. எழுதுபவர் எவரும் ஏதோ ஒரு வீட்டின் இரவலாளரே என்பதையும், இரவலாளர் தம் வழியைச் சொல்ல வேண்டும் என்பதையும் அது காட்டுகிறது.

இரவலாளர் எத்தகைய மனத்தோடு இன்னொருவரின் கதைக்குள் நுழைய வேண்டும்? இதற்குப் புனித இஞ்ஞாசியாரின் ஞானப்பயிற்சிகளில் அழகிய வழிகாட்டுதல் உண்டு. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அந்நூலின் தொடக்கக் குறிப்புகளில், தியானப்பொருளை எடுத்துரைப்பவர், வரலாற்றை உள்ளது உள்ளவாறு, சுருக்கமாகக் கூறவேண்டும் என்கிறார். எஞ்சியதைத் தியானிப்பவர் தாமே கண்டுணர வேண்டும். அவ்வாறு தியானிப்பவர்க்கு அவர் தரும் உரிமையோ மிகப் பெரிது. பெத்லகேம் குகையின் நீளம், அகலம், உயரம் யாவற்றையும் மனக்கண்ணால் காணலாம். அங்கே இருப்போர் பேசுவதைக் கேட்கலாம். ஆனால், அக்காட்சியில் நாம் எங்கே நிற்பது? ஏழைப் பணியாளாக, தகுதியற்ற சிறிய அடிமையாக, அவர்களுடைய தேவைகளுக்கு உதவிக்கொண்டு ஓர் ஓரத்தில் நிற்க வேண்டும். வரலாற்றில் நேர்மை, கற்பனையில் விடுதலை, நிற்கும் இடத்தில் தாழ்மை என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால், பிறர் கதைக்குள் நுழைபவரால் எவர்க்கும் தீங்கு நேராது.

நம் பங்குகளில் சிலுவைப்பாதை நாடகம் நடத்துகிறோம். மறைக்கல்வி வகுப்பில் கதை சொல்கிறோம். வெரோணிக்கா ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்தது எந்த நற்செய்தியில் இருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டால், நான்கிலும் இல்லை, திருச்சபையின் பக்திமரபு அதை நமக்குத் தந்தது என்று சொல்லும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். அதனால் ஆறாம் நிலையின் முன் மண்டியிடும் அவளுடைய பக்தி குறைந்துவிடாது. மாறாக, எது எழுதப்பட்டது, எது அன்பினால் எண்ணப்பட்டது என்று பிரித்தறியும் ஒளி அவளுக்குக் கிடைக்கும். அந்த ஒளியோடு வளர்பவள் நாளை ஒரு கதையைத் தொடர்ந்து எழுதும்போது, தலைக்குறிப்பு இடுவதைப் பாரமாக எண்ணமாட்டாள்.

மூத்த மகன் விருந்துக்குள் சென்றானா என்ற கேள்வியோடு தொடங்கினோம். சென்றான் என்று எழுத நமக்கு ஆசை. தந்தை அவன் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்றார் என்றும், தம்பி எழுந்து இடம் கொடுத்தான் என்றும் எழுத இன்னும் ஆசை. எழுதுவோமாக. ஆனால், உவமை எங்கே முடிந்தது, நம் ஆசை எங்கே தொடங்கியது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுவோமாக.